இருமல் மருந்து குடித்ததற்கு போலீஸின் மது சோதனை ஊதுகருவி 42 காட்டினால் கோர்ட்டில் எதிர்க்க முடியுமா?

காட்பாடியில் இரவு வண்டியை நிறுத்தி போலீஸார் ஊதச் சொன்னார்கள், குடித்தது இருமல் மருந்துதான், 42 மி.கி. காட்டியது என்கிறீர்கள். எதிர்க்கலாம். ஆனால் "மெஷின் தப்பு" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எடுபடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 203-வது பிரிவே ஊதிப் பார்த்த முடிவைச் சாட்சியமாக ஏற்கிறது.

கருவி ரத்தத்தை அளப்பதில்லை. மூச்சில் இருக்கும் ஆல்கஹாலை வைத்து 100 மி.லி. ரத்தத்துக்குக் கணக்குப் போடுகிறது. வரம்பு 30 மி.கி. மருந்து குடித்த கையோடு ஊதினால் வாயில் ஒட்டியிருப்பதும் சேர்ந்து எண்ணை ஏற்றிவிடும். கால் மணி நேரத்தில் அது பெரும்பாலும் போய்விடும். ஆகவே, காத்திருந்து மறுபடி ஊதவிட்டார்களா, கருவி தரும் சீட்டில் நேரமும் கருவி எண்ணும் இருக்கிறதா, கருவியைக் கடைசியாக எப்போது காலிப்ரேஷன் (அளவு சரிபார்ப்பு) செய்தார்கள் என்று உங்கள் வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்கட்டும்.

இதையெல்லாம் விட ரத்தப் பரிசோதனைதான் பலம். கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். இல்லையென்றால் விட்டுவிட வேண்டும் என்கிறது 202-வது பிரிவு. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருந்தால் அந்த ரிப்போர்ட்டின் நகலை வாங்குங்கள்.

அப்புறம், மருந்துப் பாட்டிலின் லேபிளை முதலில் படியுங்கள். பல சிரப்புகளில் ஆல்கஹாலே கிடையாது.