பின்பிரேக் முந்தினால் வண்டி சுற்றும்

காரின் முன்சக்கரத்துக்குப் பெரிய டிஸ்க், நான்கு பிஸ்டன் காலிப்பர் (டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) போட்டேன். ஆனால் நிற்கும் தூரம் குறையவே இல்லையே?

குறையாது. அவசரமாக ஒரு தடவை பிரேக் அடிக்கும்போது வண்டியை நிறுத்துவது டயரின் பிடிப்புதான். பெரிய டிஸ்க் சூட்டைத் தாங்கும். மலை இறங்கும்போது அதன் அருமை தெரியும். உங்கள் வண்டியில் இப்போது முன்சக்கரம் சீக்கிரமே லாக் ஆகும் (சுழலாமல் நின்று வழுக்கும்), பின்பிரேக் பாதி வேலைகூடச் செய்யாது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வண்டியின் எடை 1,000 கிலோ. நிற்கும்போது முன்னால் 600, பின்னால் 400. அச்சு இடைவெளி 2.5 மீட்டர், எடை மையத்தின் உயரம் 0.5 மீட்டர். காய்ந்த சாலையில் 0.8 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.8 பங்கு) அளவுக்கு வேகம் குறையும்படி பிரேக் பிடித்தால் 160 கிலோ முன்னால் சாயும்: முன்னால் 760, பின்னால் 240. ஈரச்சாலையில் 0.4 ஜி என்றால் 680, 320. பின்சக்கரம் தாங்கக்கூடிய பங்கு சாலைக்குச் சாலை மாறுகிறது. எனவே எல்லா நிலைமைக்கும் கச்சிதமான முன்-பின் பிரேக் பேலன்ஸ் கிடையாது. முன்சக்கரம் ஒரு நூலிழை முந்தி லாக் ஆகும்படி வைப்பதே நல்லது. முன்னால் லாக் ஆனால் ஸ்டியரிங் கேட்காது, ஆனால் வண்டி நேராகப் போகும். பின்னால் முந்திக்கொண்டால் வால் சுற்றிவிடும்.

பின்பிரேக்கின் பங்கை மாற்றும் புரபோர்ஷனிங் வால்வை எப்படி செட் செய்வது?

பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் ஆயில் லைனில் மட்டும் போடுங்கள். அது அழுத்தத்தைக் குறைக்கும், கூட்டாது. மிகக் குறைவான நிலையில் தொடங்கி, காலியான மைதானத்தில், காய்ந்த தரையில், பின்சீட்டில் ஆள் இல்லாமல் சோதியுங்கள். பின்பக்கம் மிக லேசாக இருப்பது அப்போதுதான். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று வெளியே நின்று ஒருவர் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பவருக்கு அது தெரியாது.

டிரம்மை எடுத்துவிட்டுப் பின்னால் டிஸ்க் போட்டதிலிருந்து சக்கரம் கொதிக்கிறது.

ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் பிளீடர் நிப்பிளை (பிரேக் ஆயிலை வெளியேற்றும் சிறு திருகு) கொஞ்சம் திறங்கள். சட்டென்று சக்கரம் விடுபட்டால், லைனில் அழுத்தம் தேங்கியிருக்கிறது. டிரம்முக்காக வைத்த, சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு மாஸ்டர் சிலிண்டரிலேயே (பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தும் பாகம்) இருக்கலாம். விடுபடாவிட்டால் ஹேண்ட்பிரேக் கேபிளைப் பாருங்கள்.

ஸ்பிரிங் மாற்றி வண்டியைத் தாழ்த்தினேன். பிரேக்கில் கை வைக்க வேண்டுமா?

பின் அச்சோடு கம்பியால் இணைந்த, பாரத்துக்கு ஏற்பப் பின்பிரேக் அழுத்தத்தை மாற்றும் லோட் சென்சிங் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கட்டாயம். வண்டி தாழ்ந்ததை அது பாரம் ஏற்றியதாக எண்ணி, பின்னால் அழுத்தத்தைக் கூட்டிவிடும். கம்பியை மறுபடி செட் செய்யாமல் ஓட்டாதீர்கள். நான் பயப்படுகிற சில மாற்றங்களில் இது ஒன்று.

ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டிக்கும் அந்தப் புரபோர்ஷனிங் வால்வைப் போடலாமா?

வேண்டாம். பின்பக்கப் பங்கை ஏபிஎஸ் யூனிட்டே பார்த்துக்கொள்ளும் வண்டியில் இது குழப்பத்தைத்தான் கூட்டும்.