இங்கிலாந்து கால்பந்து வீரர் ஜேமி வார்டி ஏன் இவ்வளவு தாமதமாக அந்நாட்டின் உச்ச லீக்கான பிரீமியர் லீக்குக்கு வந்தார்?

திறமைக் குறைவால் அல்ல. 1987-ல் ஷெஃபீல்டில் பிறந்தவரை, உள்ளூர் அணியான ஷெஃபீல்ட் வென்ஸ்டே, ஆள் குட்டை என்று 16 வயதில் கழற்றிவிட்டது. பிறகு ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற சிறிய கிளப்பில் வாரம் 30 பவுண்டுக்கு ஆட்டம், பகலில் தொழிற்சாலை வேலை.

2007-ல் அடிதடி வழக்கில் தண்டனை பெற்றார். காலில் மின்னணுப் பட்டை. மாலை 6 மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். வெளியூர் ஆட்டங்களில் பாதியிலேயே வெளியேறி வண்டியைப் பிடிக்க ஓடினார். இப்படிப்பட்டவரைப் பெரிய கிளப் எது தேடி வரும்?

ஹாலிஃபாக்ஸ், ஃப்ளீட்வுட் என்று கீழ்நிலை லீக் கிளப்புகள் வழியாகப் படிப்படியாக ஏறினார். ஃப்ளீட்வுட்டில் 36 லீக் ஆட்டங்களில் 31 கோல் அடித்த பிறகு, 2012-ல், அப்போது இரண்டாம் நிலை லீக்கில் இருந்த லெஸ்டர் 10 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. பிரீமியர் லீக்கில் முதலில் ஆடியபோது வயது 27.

2015-ல் தொடர்ந்து 11 ஆட்டங்களில் கோல் அடித்து முன்னாள் மான்செஸ்டர் யுனைடெட் வீரர் வான் நிஸ்டல்ராயின் சாதனையை முறியடித்தார். அந்த 11-வது கோல்தான் அவர் பாணிக்குச் சரியான உதாரணம்: எதிரணியின் கார்னர் உதையைப் பிடித்த லெஸ்டர் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் உடனே சக வீரர் ஃபுக்ஸுக்குத் தள்ள, அவர் கொடுத்த பாஸுக்குத் தடுப்பாட்டக்காரர்களின் முதுகுப் பக்கம் பாய்ந்து வார்டி முடித்தார். அந்த சீசனில் லெஸ்டர் சாம்பியன். 2019-20-ல் 23 கோலுடன், லீக்கில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருது, அதுவும் 33 வயதில்.