மேலாளர் நீட்டும் உண்டியல்

கேள்வி: நான் அமெரிக்காவில் ஒரு தனியார் மென்பொருள் நிறுவனத்தில் குழுத் தலைவராக இருக்கிறேன். கிரீன் கார்டு கிடைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் பிரிவின் துணைத் தலைவர் தமக்கு வேண்டிய ஒரு செனட் வேட்பாளருக்காக நிதி திரட்டுகிறார். சென்ற மாதம் என்னைத் தனியே அழைத்து, "உன்னால் முடிந்ததைக் கொடு" என்றார். 250 டாலர் கொடுத்தேன். இப்போது, "ஆளுக்கு 1,000 டாலர் வேண்டும். உன் குழுவில் இருக்கும் ஆறு பேரிடமும் நீயே பேசு. ஆண்டு இறுதி போனஸில் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். அந்த ஆறு பேரில் இரண்டு பேர் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கும் இளைஞர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை வேட்பாளருடன் காலை விருந்து. அதற்குள் பட்டியல் வேண்டுமாம். மறுத்தால் பதவி உயர்வு போய்விடும் என்று பயமாக இருக்கிறது. என் மனைவி, "கொடுத்துத் தொலையுங்கள், எப்படியும் திரும்ப வரப்போகிறது" என்கிறார். நான் என்ன செய்வது? பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது உங்களுக்காகக் கவலைப்பட்டேன். இரண்டாம் முறை, அந்த இரண்டு இளைஞர்களுக்காக. உங்களுக்கு மேலாளர் அந்தத் துணைத் தலைவர்; அந்தப் பையன்களுக்கு மேலாளர் நீங்கள். நீங்கள் எவ்வளவு தயங்கி, எவ்வளவு கெஞ்சிக் கேட்டாலும் அவர்கள் காதில் அது உத்தரவாகத்தான் விழும். சென்ற மாதம் "முடிந்ததைக் கொடு" என்ற மெல்லிய சொல் உங்கள் காதில் எப்படி விழுந்ததோ, அப்படி.

முதலில் உங்கள் மனைவி சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். அவர் ஆறுதலாக நினைக்கும் அந்த 'திரும்ப வரும்' என்பதுதான் இந்த விவகாரத்திலேயே மிக மோசமான பகுதி. திரும்ப வராத பணம் என்றால் உங்களுக்கு 1,000 டாலர் நஷ்டம், அவ்வளவுதான். திரும்ப வந்தால் அது குற்றம். ஒருவர் தம் பணத்தை இன்னொருவர் பெயரில் வேட்பாளருக்குக் கொடுப்பதை அமெரிக்கத் தேர்தல் நிதிச் சட்டம் நேரடியாகத் தடை செய்கிறது. கொடுக்க வைப்பவர் மட்டும் மாட்டுவார் என்று நினைக்காதீர்கள். தெரிந்தே தம் பெயரைக் கொடுப்பவரையும் அதே பிரிவு பிடிக்கிறது. இப்படி வேண்டுமென்றே பிறர் பெயரில் கொடுத்த தொகை ஓர் ஆண்டில் 10,000 டாலரைத் தாண்டினால் இரண்டு ஆண்டு வரையும், 25,000 டாலரைத் தொட்டால் ஐந்து ஆண்டு வரையும் சிறை விதிக்கலாம். உங்கள் குழு ஒன்று. அந்தப் பிரிவில் இன்னும் எத்தனை குழுக்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

துணைத் தலைவர் ஏன் எல்லாவற்றையும் தம் பையிலிருந்தே கொடுத்துவிடக் கூடாது? முடியாது. 2025–26 தேர்தல் சுழற்சியில் ஒரு தனிநபர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் 3,500 டாலர் வரைதான் கொடுக்கலாம். கட்சிக்குள் நடக்கும் முதன்மைத் தேர்தலையும் பொதுத்தேர்தலையும் தனித்தனியாகக் கணக்கிட்டாலும் 7,000 டாலர்தான். நிறுவனத்தின் பணத்திலிருந்தோ ஒரு டாலர்கூட வேட்பாளருக்கு நேரடியாகப் போக முடியாது. 1907-லேயே அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். போனஸ் என்பது நிறுவனத்தின் பணம். உங்கள் வங்கிக் கணக்கு வழியாக ஒரு சுற்றுச் சுற்றிப் போவதால் அது உங்கள் பணமாகிவிடாது. இவர்களுக்கு வேண்டியது உங்கள் டாலர் அல்ல, உங்கள் பெயர்.

2014-ல் எழுத்தாளர் தினேஷ் டிசூசா இப்படித்தான் சிக்கினார். தமக்கு வேண்டிய ஒரு செனட் வேட்பாளருக்கு 20,000 டாலரை மற்றவர்கள் பெயரில் கொடுக்க வைத்து, அந்தப் பணத்தை அவர்களுக்குத் திருப்பித் தந்தார். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஐந்து ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, அதில் எட்டு மாதம் கண்காணிப்பு இல்லத்தில் வாசம், 30,000 டாலர் அபராதம். 2018-ல் அவருக்கு அதிபரின் மன்னிப்பு கிடைத்தது. உங்களுக்கும் எனக்கும் அதிபர் மன்னிப்பு கிடைக்கும் என்று நம்பிக் காரியத்தில் இறங்க முடியாது.

(போனஸில் வரி பிடிப்பார்கள். அரசியல் நன்கொடைக்கு வரிவிலக்கும் கிடையாது. வெறும் கணக்காகப் பார்த்தாலும் உங்கள் மனைவியின் கணக்கு இடிக்கிறது என்று சொல்லுங்கள். சட்டத்தைவிட இது சீக்கிரம் எடுபடலாம்.)

இப்போது அந்த இளைஞர்கள். கிரீன் கார்டு உள்ள நீங்கள் சொந்தப் பணத்தில், சொந்த விருப்பத்தில் நன்கொடை தரலாம். அந்த 250 டாலர் சட்டப்படி தவறில்லை. எச்-1பி விசாவில் இருப்பவர் தரவே கூடாது. அதிபர் தேர்தல், செனட், மாநில ஆளுநர், நகர மேயர், எதற்குமே கூடாது. நியாயமா என்று கேட்டால் எனக்கும் கேள்வி உண்டு. வரி கட்டச் சொல்கிறீர்கள், நன்கொடை மட்டும் ஏன் கூடாது? இதே கேள்வியோடு தற்காலிக விசாவில் இருந்த ஒரு வழக்கறிஞரும் ஒரு மருத்துவரும் வழக்குப் போட்டார்கள். 2011-ல் வாஷிங்டனில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. மறு ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை அப்படியே உறுதி செய்துவிட்டது. அதோடு கதை முடிந்தது.

வேட்பாளரின் இணையப் பக்கத்தில் பணம் செலுத்தும் இடத்தில் சில வரிகளுக்குப் பக்கத்தில் சிறு கட்டம் இருக்கும். 'நான் அமெரிக்கக் குடிமகன் அல்லது நிரந்தர வசிப்புரிமை பெற்றவன்', 'இது என் சொந்தப் பணம்; வேறு யாரும் எனக்கு இதைத் திருப்பித் தரப்போவதில்லை' என்று எழுதியிருக்கும். நீங்கள் பேசினால் அந்தப் பையன் இரண்டையும் டிக் செய்வான். இரண்டுமே பொய். கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிற ஒருவன் தன் குடியுரிமை நிலையைப் பற்றி எழுத்தில் பொய் சொல்வது எத்தகைய வினை என்பதை வரிசையில் நின்று கார்டு வாங்கிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கொடுக்காமல் மறுத்து, அதனால் வேலை போனாலோ, வேறு வேலை தேடவோ நாட்டைவிட்டுப் போகவோ அவன் கையில் இருப்பது அதிகபட்சம் 60 நாட்கள். கொடுத்தாலும் கெடுதல், மறுத்தாலும் பயம் என்ற முட்டுச்சந்தில் ஒருவனைக் கொண்டுபோய் நிறுத்த நீங்கள் சம்மதிக்கலாமா? அவர்கள் விசா நிலை தெரிந்தே கேட்பதும் தனிக் குற்றம். உங்களுக்கு அது தெரியும். இந்தக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள்.

அப்படியானால் அலுவலகத்தில் யாரும் யாரிடமும் கேட்கவே கூடாதா? அப்படியும் இல்லை. உங்கள் தரப்பை மட்டும்தான் நான் கேட்டிருக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். துணைத் தலைவருக்கும் அரசியல் உண்டு. தம் நேரத்தில், தம் நண்பர்களிடம் அவர் நிதி கேட்கலாம். நிறுவனங்கள் தனியாக ஓர் அரசியல் நிதிக் குழு வைத்து, நிர்வாகப் பொறுப்பிலும் தொழில்நெறிப் பொறுப்பிலும் இருக்கும் சம்பள ஊழியர்களிடம் அதற்கு நன்கொடை கேட்பதும் சட்டபூர்வமானதுதான். ஆனால் அங்கே நிபந்தனைகள் உண்டு. இது அரசியலுக்கான பணம் என்று சொல்ல வேண்டும். மறுக்கலாம், மறுத்தால் எந்தப் பழிவாங்கலும் இருக்காது என்றும் சொல்ல வேண்டும். ஒரு தொகையைக் குறிப்பிட்டால், அது வெறும் யோசனைதான், கூடவோ குறையவோ தரலாம் என்று தெளிவாக்க வேண்டும். உங்களிடம் வந்தது 'ஆளுக்கு 1,000'. இதில் யோசனை எங்கே இருக்கிறது?

வேலைக்கு ஆபத்து என்று மிரட்டி நன்கொடை வாங்குவதைத் தேர்தல் ஆணைய விதிகள் வெளிப்படையாகத் தடுக்கின்றன. மேலதிகாரி தம் கீழ் வேலை செய்பவரிடம் நிதி திரட்டும் பொறுப்பை அலுவலக வேலையாகவே ஒப்படைத்து, நிறுவன வசதிகளைப் பயன்படுத்த வைப்பதும், அதற்கான செலவு முன்கூட்டியே செலுத்தப்படாவிட்டால், தடை செய்யப்பட்டதுதான். உங்களைப் பட்டியல் எடுக்கச் சொன்னது இதில்தான் வந்து சேர்கிறது. ஆனால் உங்களிடம் யாரும் வாய்விட்டு மிரட்டவில்லை. புத்திசாலிகள் மிரட்டுவதில்லை. பதவி உயர்வு முடிவாகும் மாதத்தில் உண்டியலை நீட்டினால் போதும்.

இது புதிய வித்தையும் அல்ல. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அரசாங்க குமாஸ்தாக்களுக்குக் கட்சியிலிருந்து சுற்றறிக்கை வரும்; சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று அதில் எழுதியிருக்கும். அதையும் 'விருப்ப நன்கொடை' என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். அரசு ஊழியர்கள் தங்களுக்குள் இப்படி அரசியல் வசூல் செய்வதை 1876-ல் ஒரு சட்டம் தடுத்தது. அதன்கீழ் தண்டிக்கப்பட்ட கருவூல ஊழியர் கர்டிஸ் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1882-ல் நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது. 1883-ல் பெண்டில்டன் சட்டம், 1939-ல் ஹாட்ச் சட்டம் என்று அரசு அலுவலகத்துக்கான வேலி உயர்ந்துகொண்டே வந்தது. தனியார் அலுவலகத்தில் அவ்வளவு உயரமான வேலி இல்லை. அந்த இடைவெளியில்தான் உங்கள் துணைத் தலைவர் நின்றுகொண்டிருக்கிறார்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு முறை இப்படி ஒரு தாள் மேசை மேசையாகச் சுற்றி வந்தது. பெயர், எதிரே தொகை. முதல் வரியில் மேலாளரின் பெயர். என் முறை வந்தபோது எனக்கு அந்த வேட்பாளரைப் பற்றிய நினைப்பே வரவில்லை. எனக்கு மேலே கையெழுத்திட்டவர் எவ்வளவு எழுதியிருக்கிறார் என்றுதான் பார்த்தேன். அதைவிடக் கொஞ்சம் குறைவாக எழுதினேன். இன்றும் அதை நினைத்தால் கூசுகிறது. இப்போது தாளே தேவையில்லை. ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு சுழற்சியில் கொடுத்தது 200 டாலரைத் தாண்டினால் பெயர், தொழில், வேலை செய்யும் நிறுவனம் எல்லாவற்றோடும் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஏறிவிடும். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று உங்கள் மேலாளர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். வெளிப்படைத்தன்மைக்காகச் செய்த ஏற்பாடு, வருகைப் பதிவேடாகவும் பயன்படுகிறது.

இனி, என்ன செய்வது. குழுவில் யாரிடமும் பணம் கேட்டுப் பேசாதீர்கள். இது ஒன்றில் மட்டும் உங்களுக்கு நான் வேறு வழி தரமாட்டேன். மேலாளர் கேட்டால் நீளமாக விளக்க வேண்டாம். சட்டப்பிரிவு எதையும் எடுத்து நீட்ட வேண்டாம். "இவர்களுக்கு ஆண்டு மதிப்பீடு எழுதுபவன் நான். அவர்களிடம் பணம் கேட்பது எனக்குச் சரியாக வராது" என்று சொல்லுங்கள். உங்களுக்காகக் கேட்டால், "தேர்தல் நன்கொடையை நான் வீட்டோடு வைத்துக்கொள்கிறேன்" போதும். பிறகு ஒரு சிறு குறிப்பு எழுத்தில்: 'சென்ற மாதம் நான் தந்த 250 டாலர் என் சொந்தப் பணம், அதற்கு ஈடாக எதுவும் எதிர்பார்க்கவில்லை, ஏற்கவும் மாட்டேன்.' இதை இப்போதே எழுத வேண்டும். டிசம்பரில் போனஸ் வந்துவிட்ட பிறகு எந்த டாலர் உழைப்புக்கு, எந்த டாலர் நன்கொடைக்கு என்று உங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. அந்தக் குழப்பம்தான் அவர்களுக்கு வசதி.

வீட்டில் ஒரு நோட்டில் தேதி, நேரம், அவர் சொன்ன சொற்கள், கூட இருந்தவர்கள், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். நிறுவனக் கோப்புகளை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவைக்காதீர்கள். பிறகு அதையே காரணம் காட்டி உங்களை வெளியே அனுப்புவார்கள்.

புகார் செய்ய வேண்டுமா? முதலில் ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். நன்கொடை மறுத்ததற்காக ஊழியரைப் பாரபட்சமாக நடத்துவதை வாஷிங்டன் மாநிலம் சட்டத்திலேயே தடுத்திருக்கிறது. வேலை நீக்க மிரட்டலால் ஊழியரின் அரசியலை வளைப்பதைக் கலிபோர்னியா தடுக்கிறது. எல்லா மாநிலங்களும் அப்படி அல்ல. உங்கள் மாநிலத்தை நீங்கள் எழுதவில்லை. தேர்தல் ஆணையத்தில் அளிக்கும் புகாரைப் பெயர் மறைத்து அளிக்க முடியாது: பெயர், முகவரி, கையெழுத்து, நோட்டரி முன் சத்தியம் எல்லாம் வேண்டும், அதன் நகல் எதிர்த்தரப்புக்கும் போகும். ஆணையத்தில் ஆறு இடங்கள், ஒரு கட்சியிலிருந்து மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது. புகார் மேலே நகர நான்கு வாக்கு வேண்டும். இதற்கு என்ன பொருள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். என் எண்ணம், நிறுவனத்தின் சட்டப் பிரிவை முதலில் அணுகுவதுதான். அவர்கள் நல்லவர்கள் என்பதற்காக அல்ல. போனஸ் வழியாகத் திருப்பித் தருவது வெளியே வந்தால் நிறுவனமே குற்றவாளிக் கூண்டில் நிற்கும் என்பது அவர்களுக்கு உடனே புரியும் என்பதற்காக.

அந்த இளைஞர்களிடம் மட்டும் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "யார் கேட்டாலும் உங்கள் விசாவில் நன்கொடை கொடுக்கக் கூடாது." வேறு வழியில் யாராவது ஏற்கெனவே கேட்டு, அவர்கள் கொடுத்தும் இருந்தால், வேட்பாளரின் பிரசாரக் குழுவுக்கு எழுதிப் பணத்தைத் திரும்பப் பெறலாம், அப்படிப்பட்ட பணம் என்று தெரியவந்தால் 30 நாட்களுக்குள் அவர்கள் திருப்பித் தந்தாக வேண்டும். எழுதும் முன் குடிவரவு வழக்கறிஞரைப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதம் எங்களுக்கு அலுவலக மின்னஞ்சல் முகவரியிலிருந்து வந்திருக்கிறது. அடுத்த முறை எழுதும்போது வீட்டிலிருந்து, சொந்த முகவரியிலிருந்து எழுதுங்கள்.