எக்செலில் மேட்ச் (MATCH) சூத்திரம் தரும் எண் வரிசை எண்ணோடு ஒத்துப்போகவில்லையா?

வணக்கம். 118ஆம் வரிசையில் உள்ள குறியீட்டுக்கு =மேட்ச்(எஃப்2, ஏ5:ஏ500) என்று போட்டால் 114 வருகிறது, வேறு சில குறியீடுகளுக்குச் சம்பந்தமே இல்லாத எண் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். இவை இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள்.

முதலாவது பிழையே இல்லை. மேட்ச் சொல்வது தாளின் வரிசை எண்ணை அல்ல, நீங்கள் கொடுத்த பட்டியலுக்குள் அது எத்தனையாவது இடம் என்பதை. பட்டியல் ஏ5இல் தொடங்குவதால் 4 கூட்டினால் 118 வந்துவிடும். ஆனால் சி பத்தியில் உள்ள விலையை எடுக்கத்தான் இதைச் செய்கிறீர்கள் என்றால் கூட்டவே வேண்டாம்:

=இண்டெக்ஸ்(சி5:சி500, மேட்ச்(எஃப்2, ஏ5:ஏ500, 0))

மேட்ச் சொல்லும் இடத்தில் உள்ள விலையை இண்டெக்ஸ் (INDEX) எடுத்துத் தரும். ஏ, சி இரண்டு பட்டியல்களும் ஒரே வரிசையில் தொடங்கினால் போதும்.

இரண்டாவதுதான் ஆபத்தானது. மேலே மேட்ச்சின் கடைசியில் உள்ள 0, அப்படியே பொருந்துவதை மட்டும் தேடச் சொல்கிறது. உங்கள் சூத்திரத்தில் அந்த 0 இல்லை. அதை விட்டுவிட்டால் எக்செல் 1 என்று எடுத்துக்கொள்ளும். அதாவது பட்டியல் ஏறுவரிசையில் இருப்பதாக நம்பி, பாதி பாதியாக வெட்டிக்கொண்டே தேடும். உங்கள் குறியீடுகள் கலைந்து கிடப்பதால் எங்கோ போய் நின்று, பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் ஓர் எண்ணைத் தந்துவிடும். தவறு கண்ணில் படாது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. பழைய சூத்திரங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, 0 போட்ட பிறகும் சில குறியீடுகளுக்கு 'கிடைக்கவில்லை' (#N/A) என்று பிழை வந்தால், பட்டியலில் அந்த எண் செல்லின் இடப்பக்கம் ஒட்டி நிற்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அது உரையாகச் சேமிக்கப்பட்ட எண். எஃப்2 என்பதை எஃப்2&"" என்று மாற்றிப் பாருங்கள், கிடைத்துவிடும்.