டூரிங் பைக் கொட்டேஷனில் பேனா வைக்க வேண்டிய இடங்கள்

கேள்வி: வயது 44, உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மனைவியோடு மூணாறு, குடகு, தனுஷ்கோடி என்று போய்வர ஒரு டூரிங் பைக் வேண்டும். லடாக் ஆசையும் உண்டு. ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 பார்க்கப் போனால், “லாங் ரைடுக்கு ஹிமாலயன் 450தான் சார்” என்கிறார்கள். கொட்டேஷனில் ஹேண்ட்லிங் சார்ஜ், ஆக்சஸரீஸ், ஐந்து வருட இன்ஷூரன்ஸ் என்று ஏகப்பட்டது இருக்கிறது. எதை வாங்குவது, எதை வெட்டுவது?
- வாசகர், திருச்சி

பதில்: முதலில் வண்டி. எடையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை: மீட்டியார் 191 கிலோ, ஹிமாலயன் 196 கிலோ. வித்தியாசம் சீட் உயரத்தில் இருக்கிறது. மீட்டியாரில் 765 மி.மீ., ஹிமாலயனில் 825 மி.மீ. உங்கள் உயரத்துக்கு ஹிமாலயனில் இரண்டு குதிகாலும் தரையில் பதிவது கஷ்டம். (805 மி.மீ. வரும் தாழ்ந்த சீட் தனியாகக் கிடைக்கிறது.) தனியாகப் போனால் சமாளித்துவிடலாம். பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பெட்டி, போடிமெட்டு வளைவில் எதிரே பஸ் வந்து நடுவில் நிற்க நேர்ந்தால்தான் அந்த ஆறு சென்டிமீட்டரின் அருமை தெரியும்.

ஹிமாலயனுக்குச் சக்தி இரட்டிப்பு. மீட்டியாரின் 20 குதிரைத்திறனுக்கு அது 40. நால்வழிச் சாலையில் 100-ஐத் தாண்டி ஓடவும், மண் பாதையில் ஏறவும் அது வேண்டும். நீங்கள் சொன்ன ஊர்களுக்கெல்லாம் தார்ச்சாலை. மனைவியோடு 80-ல் போகிறவருக்கு 350 போதும் என்பது என் கட்சி. லடாக் வாழ்க்கையில் ஒருமுறை என்றால் அங்கே லே நகரத்திலேயே வாடகைக்கு பைக் கிடைக்கிறது. அதற்காகப் பத்து வருடம் பெரிய வண்டியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

டயரையும் பாருங்கள். ஹிமாலயன் 450, 2023-ல் டியூப் டயரும் ஸ்போக் சக்கரமுமாகத்தான் வந்தது. டியூப்லெஸ் ஸ்போக் பிறகு கூடுதல் விலைக்கு வந்தது. எந்தச் சக்கரத்துக்குக் கொட்டேஷன் என்று எழுதி வாங்குங்கள். காட்டு வழியில் டியூப் பஞ்சரானால் சக்கரத்தையே கழற்ற வேண்டும்.

விலையில் இன்னொரு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18%, அதற்கு மேல் 40%. வரிக்கு முந்தைய விலை 2 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 350 சிசி என்ற இந்த வரம்பைத் தாண்டியதற்கே கூடுதலாக 44,000 ரூபாய். அதன் மேல் தமிழகத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கு 12% ஆயுள் வரி.

டெஸ்ட் ரைடு என்று ஷோரூம் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வராதீர்கள். மனைவியையும் ஏற்றிக்கொண்டு பைபாஸ் வரை போக வேண்டும் என்று கேளுங்கள். பின்சீட்டில் உட்காருபவர் சொல்வதுதான் தீர்ப்பு. திரும்பி வந்ததும் இறங்கி, வண்டியைக் கையால் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். லாட்ஜ் வாசலில் தினமும் அதைத்தான் செய்யப் போகிறீர்கள்.

இனி கொட்டேஷன். ஹேண்ட்லிங் சார்ஜை அடித்துவிடுங்கள். எக்ஸ்-ஷோரூம் விலை என்பதே வண்டி ஷோரூமுக்கு வந்து சேர்ந்த விலைதான். “எல்லோரும் கட்டுகிறார்கள் சார்” என்பார்கள். எந்தச் சட்டப்படி என்று எழுதிக் கேளுங்கள்; பாதி இடங்களில் அந்தத் தொகை அத்தோடு காணாமல் போகும். நம்பர் பிளேட்டுக்குத் தனிக்கட்டணம் கிடையாது. 2019 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டிகளுக்கு அது விலைக்குள் அடக்கம். ஹெல்மெட்டும் அப்படியே: வண்டி வாங்கும்போது தயாரிப்பாளர் தர வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 138.

இன்ஷூரன்ஸில்தான் அதிகம் குழப்புகிறார்கள். ஐந்து வருடம் கட்டாயம் என்பது, நம் வண்டியால் மற்றவருக்கு நேரும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும். அதன் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது: 2022-ல் அறிவித்தபடி 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய், அதற்கு மேல் 15,117, கூடவே ஜிஎஸ்டி. எந்தக் கம்பெனியிலும் இதில் பேரம் இல்லை. பேரம் பேச வேண்டியது நம் வண்டிக்கான சேதக் காப்பீட்டில். அதற்கு ஒரு வருடம் போதும். பிடித்த கம்பெனியில் எடுக்கலாம். இன்வாய்ஸில் சேசிஸ் எண், இன்ஜின் எண் வந்ததும் வெளியே விலை கேட்டு, அந்தத் தாளை மேஜையில் வையுங்கள். அதே விலைக்கு இறங்கினால் அங்கேயே எடுங்கள், கிளெய்ம் நேரத்தில் அலைச்சல் குறையும்.

ஆக்சஸரீஸில் இன்ஜின் கார்டும் பெட்டி மாட்டும் கம்பியும் டூரிங்குக்குத் தேவை. மற்றதை முதல் பயணம் போய்வந்த பிறகு முடிவு செய்யலாம்.

கேள்வி: டெலிவரி அன்று என்னென்ன பார்க்க வேண்டும்?
- வாசகி, மதுரை

பதில்: டெலிவரி அன்று பார்ப்பது தாமதம். மாலை போட்டு, கேக் வெட்டி, போட்டோ எடுக்கும் நேரத்தில் கீறலை யார் தேடுவார்கள்? பதிவுக்கு முன்பே, உங்களுக்கு ஒதுக்கிய வண்டியைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் பதிவான பிறகு மாற்றித் தருவது லேசில் நடக்காது. சேசிஸ் எண் இன்வாய்ஸோடு ஒத்துப்போகிறதா, தயாரான மாதம் எது, ஓடோமீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3225 என்றால் 2025-ன் 32-வது வாரம். வண்டி போன மாதத்தது என்று சொல்லி டயர் ஒன்றரை வருடத்துக்கு முந்தையதாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

கேள்வி: 10,000 ரூபாய் கட்டி பைக் புக் செய்தேன். சொன்ன தேதி தாண்டி இரண்டு மாதம் ஆயிற்று. கேன்சல் செய்தால் பணம் வராது என்கிறார்கள்.
- வாசகர், சேலம்

பதில்: தேதி தவறியது அவர்கள். ரசீதில் “திருப்பித் தரப்படாது” என்று அச்சடித்திருந்தாலும், தாமதத்துக்கு அவர்களே காரணமாக இருக்கும்போது அந்த வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். டெலிவரி தேதியைச் சொன்ன வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். 15 நாள் கெடு வைத்து ஷோரூமுக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பல விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடும். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஷோரூம் வேறு ஊரில் இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.