மாடிவீட்டில் இருக்கும்போது பூமி நடுங்கினால்: டெல்லித் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

கட்டுமானப் பொறியாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் டெல்லியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் குடியிருப்பின் அவசர உதவிக் குழுவையும் கவனித்து வருவதால், நிலநடுக்கம் பற்றி நம்மவர்கள் எழுப்பிய கேள்விகள் என்னிடம் வந்து சேர்ந்தன. ஒரே பொருளில் வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கரோல் பாகிலிருந்து: 2025 பிப்ரவரி 17 அன்று விடியற்காலையில் வந்த நடுக்கம் 4.0 அளவுதான் என்றார்கள். அதற்கே கட்டில் ஆடியது. இப்படிச் சிறிது சிறிதாக அழுத்தம் வெளியேறிவிட்டால் பெரியது வராது என்கிறார்களே, உண்மைதானா?

உண்மையில்லை. அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும். 7 அளவுள்ள ஒரே நடுக்கத்தின் ஆற்றலை 4 அளவு நடுக்கங்களால் கழிக்க வேண்டுமென்றால் அவை முப்பதாயிரத்துக்கு மேல் வர வேண்டியிருக்கும். அன்று காலை 5.36 மணிக்கு அதிர்ந்தது தௌலா குவான் பகுதியில், வெறும் 5 கிலோமீட்டர் ஆழத்தில். காலடியிலேயே நிகழ்ந்ததால்தான் அந்த உறுமலும் உலுக்கலும். 1905இல் காங்க்ராவில் ஏறத்தாழ 20,000 பேரைப் பலிகொண்டது போன்ற இமயமலை நடுக்கத்தை மனத்தில் வைத்தே நாம் ஆயத்தமாக வேண்டும்.

மயூர் விஹாரிலிருந்து: ஐந்தாம் மாடியில் இருக்கிறோம். ஆடத் தொடங்கியதும் கீழே ஓடுவதா, வீட்டிலேயே இருப்பதா?

வீட்டிலேயே இருங்கள், அம்மா. வலுவான அதிர்வு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும்; அதற்குள் ஐந்து மாடி இறங்க முடியாது, ஆடும் படியில் நிற்கவும் முடியாது. மேசைக்கு அடியில் மண்டியிட்டுத் தலையையும் கழுத்தையும் மறைத்து மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை இல்லையென்றால் கண்ணாடி ஜன்னலையும் பீரோவையும் விட்டு விலகி, உட்சுவர் ஓரமாகக் குந்தித் தலையைக் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். வாசல் நிலைக்கு அடியில் நிற்பது பழைய காலத்து யோசனை. இன்றைய வீடுகளில் அந்த நிலைக்குத் தனி வலு எதுவும் கிடையாது. அதிர்வு முழுதும் நின்ற பிறகு செருப்பு அணிந்து படி வழியே இறங்குங்கள். லிப்ட் வேண்டவே வேண்டாம்.

உங்கள் பகுதி யமுனையின் வண்டல் மண்ணில் அமைந்தது. ரிட்ஜ் எனப்படும் டெல்லிக் குன்றுத்தொடரின் பாறை மீதிருக்கும் வீட்டைவிட அங்கே அதிர்வு பெருகியும் நீடித்தும் தெரியும். நீர் ஊறிய மணல் இருக்கும் இடங்களில் தரையே குழைந்து வலுவிழக்கவும் கூடும்.

துவாரகாவிலிருந்து: எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளம் முழுவதும் கார் நிறுத்துமிடம், தூண்கள் மட்டுமே இருக்கின்றன. ஆபத்தா?

சரியாக வடிவமைக்காவிட்டால் ஆபத்துதான். மேல்தளங்களைச் சுவர்கள் இறுக்கிப் பிடித்திருக்க, கீழே வெறும் தூண்கள் நின்றால், அசைவு முழுவதையும் அந்த ஒரு தளமே தாங்க வேண்டிவரும். 2001 ஜனவரி 26 அன்று பூஜ் அருகே மையம் கொண்ட நடுக்கம், 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாதில் வீழ்த்திய அடுக்குமாடிகளில் இத்தகையவை பல இருந்தன.

இங்கே சிறு விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிப் போடும் ரிங்கின் இரு முனைகளையும் 135 பாகை வளைத்து உட்புறக் கான்கிரீட்டுக்குள் செலுத்த வேண்டும் என்பது நிலநடுக்கத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 13920இன் விதி. கம்பி கட்டுபவருக்கு 90 பாகையில் மடக்கிவிட்டுப் போவது எளிது. மேலே கான்கிரீட் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. தூண் குலுங்கி ரிங்குக்கு வெளியே உள்ள கான்கிரீட் உதிரும்போதுதான் அந்த ரிங் வாய் திறந்து, நெடுங்கம்பிகள் வெளியே பிதுங்கும். எனவே வரைபடத்தை மட்டும் பார்த்து நிறைவடையாமல், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கொண்டு தூண்களைச் சோதியுங்கள். தூணுக்குக் கூடுதல் கான்கிரீட் உறை போடுவது, சில தூண்களுக்கிடையே கான்கிரீட் சுவரோ இரும்புக் குறுக்குச் சட்டமோ அமைப்பது என்று வழிகள் உண்டு. சுவருக்குப் புதிதாகப் பெயிண்ட் அடிக்க ஒப்புக்கொள்ளும் சங்கம் இதற்குப் பணம் ஒதுக்கத் தயங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முனிர்காவிலிருந்து: எங்கள் குடியிருப்பில் ஒரு குழு அமைக்க விரும்புகிறோம். எதிலிருந்து தொடங்குவது, ஐயா?

யார் எந்த வீட்டில், எந்த அறையில் உறங்குகிறார் என்ற பட்டியலிலிருந்து தொடங்குங்கள். 1995இல் ஜப்பானின் கோபே நகரில் வந்த நிலநடுக்கத்தின்போது இடிபாடுகளிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே எடுத்தவர்கள் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாருமே. தேசியப் பேரிடர் மீட்புப் படை திறமை மிக்கது. ஆனால் நகரெங்கும் ஒரே நேரத்தில் அழைப்பு வந்தால், உங்கள் வாசலுக்கு அது வந்து சேரும் வரை நீங்கள்தான் படை. படுத்த படுக்கையாக இருப்பவர், ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருப்பவர், காது கேளாதவர், தனியாக இருக்கும் முதியவர் ஆகியோருக்கு ஆளுக்கு இரண்டு அண்டை வீட்டாரைப் பொறுப்பாக்குங்கள்.

அடுத்து ஒத்திகை. எங்கள் முதல் ஒத்திகையை இரவு ஒன்பது மணிக்கு வைத்தோம். படிக்கட்டுத் திருப்பத்தில் இரண்டு சைக்கிள்களும் ஒரு செருப்பு அலமாரியும் வழிமறித்தன. பின்வாசல் கேட் பூட்டியிருந்தது; சாவி வைத்திருந்த காவலர் சாப்பிடப் போயிருந்தார். மூன்றாம் மாடி மாமி, எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கை அணைக்காமலே இறங்கிவிட்டதாகக் கீழே வந்த பிறகு சொன்னார். இவை எதையும் எந்தக் கையேடும் எங்களுக்குச் சொல்லியிருக்காது. இப்போது கேட் சாவி மூவரிடம் இருக்கிறது.

கடப்பாரை, சம்மட்டி, கயிறு, ஏணி, டார்ச், விசில், தலைக்கவசம், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றைக் கட்டடத்துக்குள் பூட்டி வைக்காமல், வாசலருகே தனிப் பெட்டியில் வையுங்கள். காரின் ஜாக்கி கூட ஒரு கான்கிரீட் துண்டைச் சற்றுத் தூக்க உதவும். இடிபாட்டில் தேடும்போது இடையிடையே எல்லோரும் பேச்சை நிறுத்திக் காது கொடுக்க வேண்டும். கை கால் பல மணி நேரம் நசுங்கிக் கிடந்தவரை மருத்துவ உதவி வராமல் அவசரமாக விடுவித்தால், நசுங்கிய தசையிலிருந்து நச்சுப் பொருள்கள் இரத்தத்தில் கலந்து இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கலாம். 112ஐ அழைத்து அந்த நிலையைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

சரோஜினி நகரிலிருந்து: கைப்பேசி எச்சரிக்கையை நம்பலாமா?

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 2023 முதல் இந்தியாவில் அந்த வசதி உண்டு. அமைப்புகளில் இயக்கி வையுங்கள். மையம் இமயமலையில் இருந்தால் சில பத்து நொடிகள் கிடைக்கலாம். தௌலா குவானில் இருந்தால் எதுவும் கிடைக்காது.

நடுக்கத்துக்குப் பின் உள்ளூர் அழைப்புகள் நெரிசலில் சிக்கும். திருச்சியிலோ கோவையிலோ இருக்கும் ஒரு சித்தப்பாவையோ அத்தையையோ பொதுத் தொடர்பாக வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும்.

லக்ஷ்மி நகரிலிருந்து: வாடகை வீடு. சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார். பீரோவை எப்படிப் பிணைப்பது?

பிணைக்க முடியாவிட்டால் இடத்தை மாற்றுங்கள். சாய்ந்தால் கட்டிலிலும் விழாமல், கதவையும் அடைக்காமல் இருக்கும் சுவரோரம் நிறுத்துங்கள். பரண்மீதுள்ள பித்தளை அண்டாவையும் இட்லிக் கொப்பரையையும் தரைக்கு இறக்குங்கள். புடவை, போர்வை மேலே போகட்டும்.