கணினி கேள்வி பதில்: பழைய பிழையே உரைகல்

கேள்வி: பாயான் லெப்பாஸில் ஒரு சிறிய நிறுவனத்தில் பத்து நிரலாளர்களுக்குத் தலைமை வகிக்கிறேன். நிரலில் உள்ள பிழைகளைத் தானாகக் கண்டுபிடித்துச் சொல்லும் கருவி ஒன்றை வாங்குமாறு மேலிடத்தில் வற்புறுத்துகிறார்கள். மூன்று நிறுவனங்கள் வந்து செய்து காட்டின. மூன்றுமே நன்றாகத்தான் தெரிந்தன. எதை வைத்து முடிவு செய்வது?
(வாசகர், பினாங்கு)

பதில்: மூன்றும் நன்றாகத் தெரிந்ததில் வியப்பில்லை. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் கத்தி விற்பவர் தக்காளியைத்தான் நறுக்கிக் காட்டுவார். பூசணிக்காயை நாம்தான் கொண்டுபோக வேண்டும். அந்தப் பூசணிக்காய் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது. கடந்த ஓராண்டில் வாடிக்கையாளர்கள் புகார் செய்து நீங்கள் திருத்திய பிழைகளுள் இருபதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பிழையும் திருத்தப்படுவதற்கு முன்பு நிரல் எந்த நிலையில் இருந்ததோ, அந்த நிலையை, நிரலின் பழைய வடிவங்களைச் சேமித்துவைக்கும் கிட் (Git) களஞ்சியத்திலிருந்து மீட்டெடுத்து மூன்று கருவிகளிடமும் கொடுங்கள். இருபதில் எத்தனையை எது பிடிக்கிறது என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். நான்காவது போட்டியாளராக, நீங்கள் இப்போது பயன்படுத்தும் நிரல்மொழிமாற்றியின் (கம்பைலர்) எச்சரிக்கைகளை எல்லாம் முடுக்கிவிட்டு அதையும் களத்தில் இறக்குங்கள். காசு கொடுக்காமல் கிடைப்பது ஆறு பிழைகளைப் பிடித்து, ஆயிரக்கணக்கான வெள்ளிக்குக் கிடைப்பது ஏழு பிழைகளைப் பிடித்தால், அந்த ஒரு பிழைக்கு என்ன விலை என்று மேலிடத்திடம் கேட்க உங்களுக்கு வாய்ப்பு கிடைக்கும்.

இத்துடன் சோதனை முடிவதில்லை. வீண் எச்சரிக்கைகளையும் எண்ண வேண்டும். இவ்வகைக் கருவிகள் புதியவை அல்ல. துணியில் ஒட்டிய பஞ்சைப் பொறுக்குவதுபோல் சி மொழி நிரலிலிருந்து ஐயத்திற்குரிய வரிகளைப் பொறுக்கி எடுத்த லின்ட் என்னும் கருவியை, பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஜான்சன் 1978ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். அன்று முதல் இன்று வரை இவற்றின் தீராத நோய், இல்லாத பிழையை இருப்பதாகச் சொல்வது. கவெரிட்டி என்னும் கருவியை உருவாக்கியவர்கள், அதை விற்றுப் பெற்ற அனுபவத்தை 2010இல் ஒரு கட்டுரையாக எழுதினார்கள். வீண் எச்சரிக்கைகள் 30 விழுக்காட்டைத் தாண்டினால் பயனர்கள் கருவியையே பொருட்படுத்துவதில்லை என்பது அவர்கள் கண்ட உண்மை. ஆகவே ஒவ்வொரு கருவியும் தரும் முதல் ஐம்பது எச்சரிக்கைகளை, அந்த நிரலை எழுதியவரிடமே கொடுத்து மெய், பொய் என்று பிரிக்கச் சொல்லுங்கள். உண்மையான பிழையைக் கருவி சுட்டியும், எச்சரிக்கையின் சொற்கள் புரியாததால் அவர் அதைப் பொய் என்று ஒதுக்குவாரானால், அந்த இடத்தில் குறை கருவியுடையதுதான்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு உதவியாளர் வந்த பிறகு வேலை இரு மடங்கு வேகமாக நடக்கிறது என்று எங்கள் நிரலாளர்கள் அனைவரும் சொல்கிறார்கள். அனைவரும் ஒரே குரலில் சொல்லும்போது நம்பலாம் அல்லவா?
(வாசகி, பெட்டாலிங் ஜெயா)

பதில்: அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அப்படித் தோன்றுகிறது. மீட்டர் (METR) என்னும் அமெரிக்க ஆய்வு அமைப்பு 2025இல் ஒரு சோதனை நடத்தியது. தாங்கள் பல ஆண்டுகள் பழகிய, நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் திறமூலத் திட்டங்களில் அனுபவமிக்க 16 நிரலாளர்கள் 246 பணிகளைச் செய்தார்கள். எந்தப் பணிக்குச் செயற்கை நுண்ணறிவை அனுமதிப்பது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. வேலை தொடங்கும் முன் 24 விழுக்காடு நேரம் மிச்சமாகும் என்று எதிர்பார்த்தவர்கள், முடித்த பிறகும் 20 விழுக்காடு மிச்சமானதாகவே நம்பினார்கள். கடிகாரமோ 19 விழுக்காடு கூடுதல் நேரம் ஆனதாகக் காட்டியது. பதினாறு பேரை வைத்து உலகத்தை அளக்க முடியாது. பழக்கமில்லாத நிரலில் இறங்கும் புதியவருக்கு விடை வேறாகவும் இருக்கலாம். உங்களுக்குத் தேவையானது அந்த எண்ணன்று, அந்த முறை. ஒரு மாதத்திற்கு, வரும் வேலைகளை நாணயம் சுண்டிப் பிரித்து, பாதியை உதவியாளருடனும் பாதியை உதவியாளர் இல்லாமலும் செய்யச் சொல்லி, சரிபார்த்துத் திருத்தும் நேரத்தையும் சேர்த்துக் குறித்துவையுங்கள்.

கேள்வி: கல்வி நிலையங்களுக்கான மாணவர் பதிவு மென்பொருள் எழுதுகிறோம். சோதனைக்காகக் கற்பனைப் பெயர்களையும் முகவரிகளையும் உருவாக்கித் தரும் கருவி ஒன்றைப் பயன்படுத்துகிறோம். எல்லாச் சோதனைகளும் தேறிவிட்டன. இது போதுமா?
(வாசகர், கோலாலம்பூர்)

பதில்: அந்தக் கருவி தந்த பெயர்களில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) உண்டா என்று முதலில் பாருங்கள். நம் அடையாள அட்டைகளில் பலவற்றில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே நிற்கும் அந்தச் சாய்கோட்டை, மேலைநாட்டுப் பெயர்களை மனத்தில் வைத்து எழுதிய நிரல்கள் ஏற்பதில்லை. மாணவரின் பெயரையே கோப்பின் பெயராக வைக்கும் நிரலாக இருந்தால், சாய்கோட்டைக் கோப்புறைப் பெயரைப் பிரிக்கும் குறியாக எடுத்துக்கொண்டு அது கோப்புறையைத் தேடிப் போய்விடும். சில ஆண்டுகளுக்கு முன் தலைநகரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேறு வழியின்றிச் சாய்கோட்டை நீக்கிவிட்டு என் பெயரைப் பதிந்தார். பிறகு பெயர் மைகார்டு என்னும் அடையாள அட்டையுடன் ஒத்துப்போகவில்லை என்று அதே அலுவலகம் என் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவங்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது.

தமிழ்ப்பள்ளிகளுக்கும் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் தமிழ் எழுத்திலும் சோதிக்க வேண்டும். 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது பதினைந்து பைட்டுகள். இடம் போதாமல் கடைசிக் குறியீட்டை நிரல் வெட்டினால் புள்ளி உதிர்ந்து 'தமிழ' என்று நிற்கும். இன்னொன்று, 'கோ' என்னும் எழுத்தில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியையும் துணைக்காலையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். யூனிகோட் விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் அவற்றை ஒருமைப்படுத்தாத நிரலில், ஒரு கோபாலைத் தேடினால் மற்ற கோபால் கிடைக்கமாட்டார். இந்த இரண்டு கோபால்களையும், ஏ/எல், ஏ/பி உள்ள பத்துப் பெயர்களையும் நீங்களே தட்டெழுதிப் பட்டியலில் சேர்த்து, சோதனையை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.